கிராங்க் மாற்றிய பிறகு பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏறவில்லை, இடப்பக்கம் சத்தம்

ஓ.எம்.ஆர். சவாரி:
முன்னால் 24, 34, 42 பல் கொண்ட மூன்று பல்சக்கர கிராங்க்கோடு (பெடல் மாட்டும் கைகளும் பல்சக்கரங்களும் சேர்ந்த செட்) வந்த மலை சைக்கிள். தினமும் சமதளத்தில்தான் ஓட்டுகிறேன், 42-இல் கால் சும்மா சுற்றுகிறது. அதனால் 28, 38, 48 கிராங்க் வாங்கி மாட்டியாயிற்று. கிராங்க் கைகள் மாட்டும் ஆக்சில் பழையதுதான், சதுர முனை. இப்போது 48-க்கு மாற்றினால் முன் டிரெய்லரின் (derailleur, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) கூண்டு பல்லில் முட்டி நிற்கிறது. அழுத்தி மிதித்தால் இடப்பக்கம் ‘டக் டக்’. என்ன செய்யலாம்?

துருப்பிடித்த செயின்:
முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள், அந்த ‘டக் டக்’தான் அவசரம். ஆக்சில் எஃகு, கிராங்க் அலுமினியம். கிராங்க் போல்ட் தளர்ந்த நிலையில் மிதித்தால் சதுரத் துளையின் மூலைகள் தேய்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பொதுவாக 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லையா? ஒரு அடி நீளப் பிடியின் நுனியில் 15 கிலோ அளவுக்கு அழுத்தினால் ஏறக்குறைய சரியாக வரும்.

டிரெய்லர் முட்டுவதில் ஆச்சரியமில்லை. ஆறு பல் கூடினால் சக்கரத்தின் ஆரம் 12 மி.மீ. கூடுகிறது. கிளாம்பைத் தளர்த்தி அவ்வளவு மேலே ஏற்றுங்கள். கூண்டின் வெளித்தகடு 48-இன் பல் நுனிக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. தள்ளி இருக்கட்டும். கேபிளையும் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

மேட்டுப்பாதை:
செயினை மாற்றினீர்களா? பழைய நீளமே என்றால், முன்னால் 48, பின்னால் ஆகப் பெரியது என்று போட்டதும் பின் டிரெய்லரைப் பிய்த்துவிடும். அளக்கும் முறை: செயினை டிரெய்லருக்குள் விடாமல் இரண்டு பெரிய சக்கரங்களையும் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விடுங்கள்.

ஓ.எம்.ஆர். சவாரி:
டிரெய்லரை ஏற்றினேன், புதுச் செயினும் போட்டாயிற்று. 48-க்கு ஏறுகிறது, கொஞ்சம் சோம்பலாக. ஆனால் இடது கிராங்க் இறுக்கிய மறுநாளே ஆடுகிறது.

துருப்பிடித்த செயின்:
கூண்டின் வளைவு 42-க்கானது, அந்தச் சோம்பல் இருக்கத்தான் செய்யும். கிராங்க்கைக் கழற்றித் துளையைப் பாருங்கள். மூலைகள் உருண்டிருந்தால் அந்தக் கை போயிற்று. புதிய செட் தேவையில்லை, இடது கை மட்டும் தனியாகக் கிடைக்கும். வலது கையின் பின்புறம் 170 அல்லது 175 என்று பொறித்திருக்கும், அதே நீளத்தில் வாங்குங்கள். கழற்ற கிராங்க் புல்லர் (கையை ஆக்சிலிலிருந்து இழுத்தெடுக்கும் கருவி) வேண்டும், சுத்தியலால் தட்டாதீர்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், கடைக்காரர் அவசரத்தில் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.