பேய்க்கதைத் தொகுப்பை ஒரே இரவில் வாசிப்பது சரியா?

கேள்வி: ஈரோட்டு வாசகர்

அனைவருக்கும் வணக்கம். பேய்க்கதைகள் மீது எனக்குப் பள்ளி நாட்களிலிருந்தே தீராத பற்று உண்டு. ஆனால் திகில் நாவல்களில் பெரும்பாலானவற்றை நான் பாதியிலேயே மூடி வைத்திருக்கிறேன். சிறுகதைத் தொகுப்புகளையோ தேடித் தேடி வாங்குகிறேன். ஏன் இப்படி என்று யோசித்தபோது ஒன்று தோன்றியது. நாவல் நானூறு பக்கம் நடக்க வேண்டியிருப்பதால், பேய் யாருடையது, எப்படிச் செத்தது, யாரைப் பழிவாங்க வந்திருக்கிறது என்பதையெல்லாம் ஆசிரியர் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது. பூர்வீகம் தெரிந்துவிட்ட பேயின் மீது இரக்கம் வருகிறது, பயம் வருவதில்லை. சிறுகதைக்கு அந்தக் கடமை இல்லை. கதவு திறக்கும் இடத்திலேயே அது முடிந்துவிடலாம்.

சென்ற மாதம் ஆங்கிலப் பேய்க்கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் 1904-இல் வெளியிட்ட முதல் தொகுப்பை வாசித்தேன். மொத்தம் எட்டுக் கதைகள். நண்பர் ஒருவர் சொல்லியிருந்ததால், விசில் கதையை முதலில் எடுத்துக்கொண்டேன். பார்கின்ஸ் என்ற பேராசிரியர் கடலோர விடுதி ஒன்றில் இரண்டு கட்டில்கள் உள்ள அறையில் தங்குகிறார். இடிந்துபோன பழைய கட்டடம் ஒன்றில் கிடைத்த வெண்கல விசிலை இரவில் ஊதிப் பார்க்கிறார். மறுநாள், இரண்டு படுக்கைகளையும் விரித்துச் சீர்செய்ய வேண்டியிருந்தது என்று பணிப்பெண் சாதாரணமாகச் சொல்கிறாள். அவர் படுத்தது ஒன்றில்தான். மற்றதில் தம் சாமான்களை வைத்ததால் கலைந்திருக்கும் என்று அவர் தம்மைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார். அந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்கள் அறையில் ஊருக்குப் போயிருந்த தம்பியின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆனால் அதே இரவில் மற்ற கதைகளையும் ஒரே மூச்சில் வாசித்தபோது, ஐந்தாவது ஆறாவது கதைக்குள் பயம் மழுங்கிவிட்டது. படித்த மனிதர் ஒருவர் பழைய பொருளையோ பழைய ஏட்டையோ கண்டெடுப்பார், தொடக்கூடாததைத் தொடுவார், பிறகு அதற்கான விலையைக் கொடுப்பார் என்ற தடம் எனக்கு முன்கூட்டியே தெரியத் தொடங்கிவிட்டது. இது நூலின் குறையா, நான் வாசித்த முறையின் குறையா? நீங்கள் இத்தகைய தொகுப்புகளை எப்படி வாசிக்கிறீர்கள்?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர்

நண்பருக்கு வணக்கம். நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவன். உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: நூலின் மீது குறை இல்லை. நீங்கள் ஒரே இரவில் வாசித்தது, ஒரே இரவில் வாசிப்பதற்காக எழுதப்பட்டது அன்று.

ஜேம்ஸ் தொழில்முறைக் கதாசிரியர் அல்லர். இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளை ஆராய்ந்து அட்டவணைப்படுத்திய பெரும் அறிஞர். 1905-இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்குத் தலைவரானார். 1893 அக்டோபரில் ஒரு சிறிய நண்பர் கழகத்தின் கூட்டத்தில் முதன்முதலாகத் தம் பேய்க்கதைகளை வாசித்துக் காட்டினார். பின்னர் கிறிஸ்துமஸ் நாட்களில் கல்லூரியில் தங்கிவிட்ட நண்பர்களுக்குப் புதிய கதை ஒன்றை எழுதி வாசிப்பது வழக்கமாயிற்று. சில ஆண்டுகளில் வாசிக்கும் நேரம் நெருங்கிய பிறகுதான் எழுதி முடிப்பாராம். நண்பர்கள் காத்திருக்க, உள்ளறையிலிருந்து கையெழுத்துப் பிரதியோடு வெளியே வந்து, ஒரு மெழுகுவத்தியைத் தவிர மற்றெல்லாவற்றையும் ஊதி அணைத்துவிட்டு, அந்த ஒன்றின் பக்கத்தில் அமர்ந்து வாசித்ததாக அங்கே இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1904, 1911, 1919, 1925 என்று நான்கு தொகுப்புகள். எல்லாவற்றையும் சேர்த்து 1931-இல் வந்த பெருந்தொகுப்பில் 30 கதைகள். அதாவது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் முப்பது கதைகள். ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் இடையே அந்த நண்பர்களுக்கு ஓர் ஆண்டு இருந்தது. உங்களுக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம் இருந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கேட்பவருக்கு அந்தத் தடம் பழகிய வீட்டு வாசல் போல இன்பம் தரும். எட்டையும் அடுக்கி வாசிப்பவருக்கு அது இயந்திரம் போலத் தோன்றும்.

எட்கர் ஆலன் போ 1842-இல் எழுதிய நூல் மதிப்புரை ஒன்றில், உரைநடைக் கதை அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் வாசித்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும், அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் முன்பே தீர்மானித்த ஒரே விளைவை நோக்கிச் செல்ல வேண்டும் என்றும் வாதிட்டார். நாம் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, தொகுப்பு முழுவதையும் ஒரே அமர்வில் முடிக்கப் பார்க்கிறோம். ஓர் அமர்வுக்கு ஒரு கதை என்பதே அவர் சொன்னது. அடுத்த கதையைத் தொடங்கும் கணத்தில், முந்தைய கதை நமக்குள் செய்துகொண்டிருந்த வேலையை நாமே நிறுத்திவிடுகிறோம்.

கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும், அந்த 1904 நூலைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்குப் படம் வரைய முன்வந்தவர் ஜேம்ஸின் நெருங்கிய நண்பர் ஜேம்ஸ் மெக்பிரைட். நான்கு படங்களை முடித்த நிலையில் 1904 ஜூனில் அவர் இறந்துவிட்டார். வேறு ஓவியரைத் தேட ஜேம்ஸுக்கு மனம் வரவில்லை. அந்த நான்கு படங்களோடு மட்டுமே நூல் வந்தது. கலைந்த துணியே முகமாக எழுந்து நிற்கும் உருவத்தின் முன் பேராசிரியர் பின்வாங்கும் படம் அவற்றுள் ஒன்று. இறந்துபோன இளம் நண்பரின் கோடுகள் என்று தெரிந்த பிறகு, அந்தப் பக்கத்தை என்னால் வேகமாகப் புரட்ட முடிந்ததே இல்லை.

மறுமொழி: கீழ்த்திசைக் கதை வாசகி

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் மிகவும் பயனுள்ளது. ஆயினும் ஓர் இடத்தில் அவரிடமிருந்து மாறுபடுகிறேன். ஒரே இரவில் பல பேய்க்கதைகளைக் கேட்பது பயத்தை மழுங்கச் செய்யும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஜப்பானில் எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) நடந்த நூறு கதைக் கூட்டங்கள் இதற்கு நேர் எதிரான நம்பிக்கையின் மீது நின்றவை. 1666-இல் வெளிவந்த அசாய் ரியோயியின் கதைத் தொகுப்பு அதன் முறையைச் சொல்கிறது. நிலவில்லாத இரவில் நீலத்தாள் ஒட்டிய விளக்கில் நூறு திரிகளை ஏற்றி வைப்பார்கள். வந்திருப்பவர்கள் மாறி மாறிக் கதை சொல்வார்கள். ஒரு கதை முடிந்தால் ஒரு திரியை அணைப்பார்கள். நூறாவது திரி அணையும்போது உண்மையாகவே ஏதோ ஒன்று வரும் என்பது நம்பிக்கை. அதனால் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டாம்.

இதில் எந்தக் கதையும் தனியாகப் பயமுறுத்த வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். முப்பதாவது கதை சுமாராக இருந்தாலும், அறை அதற்கு முன் இருந்ததைவிட ஒரு திரி அளவு இருண்டிருக்கும். தொகுப்பு என்ற வடிவத்தின் ஆற்றலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் அறியேன்.

அப்படியானால் ஈரோட்டு வாசகருக்கு ஏன் மழுங்கியது? நூறு கதைக் கூட்டத்தில் சொல்பவர்கள் பலர். ஒருவர் தம் ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொல்வார், அடுத்தவர் பாட்டி சொன்னதைச் சொல்வார். அடுத்த கதை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது. ஜேம்ஸின் தொகுப்பில் சொல்பவர் ஒருவரே. ஆகவே பலர் எழுதிய தொகைநூலை ஒரே இரவில் வாசிக்கலாம், ஒருவரே எழுதிய தொகுப்பை இடைவெளி விட்டு வாசிக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

இன்னொரு தொகுப்பையும் பரிந்துரைக்கிறேன். ஜேம்ஸின் நூல் வந்த அதே 1904-இல்தான் லாஃப்காடியோ ஹெர்னின் 'குவைதான்' வெளிவந்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவர் காலமானார். கிரேக்கத் தீவில் பிறந்து, ஜப்பானில் குடியேறி, கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டவர். அவருக்குக் கதைகளைச் சொன்னவர் அவருடைய மனைவி செட்சு. புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது, உன் சொற்களில், உன் எண்ணமாகச் சொல் என்று ஹெர்ன் வற்புறுத்துவாராம். மந்தமான இரவுகளில் விளக்குத் திரியை வேண்டுமென்றே தாழ்த்திவிட்டுப் பேய்க்கதைகளைச் சொன்னதாகச் செட்சு தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பிவா என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கும் பார்வையற்ற கலைஞர் ஹோயிச்சியின் கதையை ஹெர்ன் எழுதிக்கொண்டிருந்த நாட்களில், ஒருநாள் இருட்டிய பிறகும் அவர் விளக்கேற்றவில்லை. அடுத்த அறையிலிருந்து செட்சு, "ஹோயிச்சி, ஹோயிச்சி" என்று தணிந்த குரலில் அழைத்திருக்கிறார். "ஆம், நான் பார்வையற்றவன், நீங்கள் யார்?" என்று உள்ளிருந்து பதில் வந்திருக்கிறது. அதன் பிறகு ஹெர்ன் பேசவில்லை.

அந்த நூலில் 'முஜினா' என்ற கதை இரண்டு மூன்று பக்கமே வரும். இரவில் அகழியோரம் அழுதுகொண்டிருக்கும் பெண்ணைத் தேற்றப் போன வியாபாரி, அவள் திரும்பியதும் முகத்தில் கண்ணோ மூக்கோ வாயோ இல்லாததைக் காண்கிறான். ஓடுகிறான். தொலைவில் நூடுல்ஸ் விற்பவனின் விளக்கு தெரிகிறது. மனிதர் ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதியில் அவன் காலடியில் விழுந்து, கண்டதைச் சொல்ல முடியாமல் திணறுகிறான். "அவள் காட்டியது இப்படி இருந்ததா?" என்று கேட்டபடி விற்பவன் தன் முகத்தைத் தடவுகிறான். அந்த முகம் முட்டை போல ஆகிவிடுகிறது. அதே கணத்தில் விளக்கும் அணைகிறது. கதை அங்கேயே முடிகிறது. நாவலாசிரியர் மறுநாள் காலையை எழுதியாக வேண்டும். ஹெர்னுக்கு அந்தக் காலை தேவைப்படவில்லை.

மறுமொழி: திண்ணை

தொகுப்பைப் பற்றிப் பேசும்போது வேதாளத்தை மறக்க வேண்டாம். அம்புலிமாமாவில் அரசன் வாளோடு நடக்க, தோளில் பிணம் தொங்கும் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வேதாளம் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை நியாயப் புதிர்கள். அவற்றில் அச்சம் அதிகமில்லை. அச்சமெல்லாம் தோளில் இருக்கும் பாரத்தில் இருக்கிறது. கதை முடிந்ததும் பாரம் இறங்கிவிடும், மறுபடி முருங்கை மரத்துக்கே போக வேண்டும்.

இன்னொரு வகை வாசிப்பும் உண்டு. புதுமைப்பித்தனின் மொத்தக் கதைகளைப் புரட்டிக்கொண்டு போனால், ஏழ்மையையும் குடும்பத்தையும் பற்றிய கதைகளுக்கு நடுவே முன்னறிவிப்பின்றி 'காஞ்சனை' வந்து நிற்கும். தூக்கம் வராத எழுத்தாளர் ஒருவரின் வீடு, வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண். பேய்க்கதை என்று அட்டையில் எழுதிய நூலில் அதை வாசித்திருந்தால் நான் தயாராக இருந்திருப்பேன். தயாராக இல்லாததால்தான் அது என்னை அவ்வளவு ஆழமாகத் தாக்கியது.

கேட்டவரின் குறிப்பு: ஈரோட்டு வாசகர்

மிக்க நன்றி. மெழுகுவத்தி, திரி, விளக்கு என்று எல்லோருடைய பதிலிலும் வெளிச்சம் குறைந்துகொண்டே வருவதைக் கவனித்தேன். நான் அன்றிரவு எல்.இ.டி. விளக்கை முழுதாக எரியவிட்டு வாசித்தேன். குறை எங்கே என்று இப்போது ஓரளவு புரிகிறது.

மறுமொழி: அம்மாவின் மகள்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நான் சொல்ல வந்தது குரலைப் பற்றி. ஜேம்ஸ் வாசித்துக் காட்டினார், செட்சு சொன்னார், நூறு கதைக் கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். நாம் மட்டும்தான் இந்தக் கதைகளைத் தனியாக, வாய் திறக்காமல் வாசிக்கிறோம்.

என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருந்த வாரங்களில் மருத்துவர் வாசிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மாலையில் நான் அவருக்கு நாளுக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கினேன். ஆங்கில நூலாக இருந்தால் முதலில் வாசித்துவிட்டு, பிறகு மூடி வைத்துவிட்டு, என் வார்த்தையில் சொல்வேன். அப்போதுதான் தெரிந்தது, எந்தக் கதை உண்மையிலேயே நன்றாகக் கட்டப்பட்டது என்பது. வெறும் வருணனையால் பயமுறுத்திய கதைகள் வாயில் நிற்கவில்லை. பாதியில் எனக்கே சலித்துவிட்டது. ஒரே ஒரு பொருளைச் சுற்றிக் கட்டிய கதைகள் அப்படியே நின்றன. விசில் கதையில் எனக்கு நினைவு வைக்க வேண்டியிருந்தது இரண்டாவது கட்டில் ஒன்றுதான். மற்றதெல்லாம் தானாக வந்தது. தம் கதையைக் கேட்பவர், கவனமாக இல்லாவிட்டால் தமக்கும் இப்படி நேரலாம் என்று எண்ண வேண்டும் என ஜேம்ஸ் 1911 தொகுப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். விடுதி, கட்டில், போர்வை என்று அவர் எடுத்துக்கொண்டதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருப்பவை என்பதால்தான், கடல் கடந்த கதை எங்கள் வீட்டுக் கூடத்துக்கு அவ்வளவு எளிதாக வந்து சேர்ந்தது.

அந்தக் கதையைச் சொன்ன அன்று அம்மா இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும், "அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா, அவர் ஒரு ஆளுதானே தங்கியிருக்காருன்னு?" என்று மட்டும் கேட்டார். பணிப்பெண்ணைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு எழுந்துபோய், அப்பா இறந்த நாளிலிருந்து விரித்தபடியே கிடந்த கட்டிலின் போர்வையை உதறி, நான்காக மடித்து, பீரோவுக்குள் வைத்துவிட்டு வந்து படுத்தார். நான் விளக்கை அணைக்கவில்லை. அவரும் அணைக்கச் சொல்லவில்லை. மறுநாள் மாலை ஐந்து மணிக்கே, "இன்னிக்கு என்ன கதை?" என்று கேட்டார். 'முஜினா' சொன்னேன்.