ஆல்டடீனா தீக்குப் பிறகு லேப் மீட்டிங்கை (ஆய்வுக் குழுவின் வாராந்தரக் கூட்டத்தை) எப்படி நடத்துவது?

பசடீனா மாணவி · 24 ஜனவரி 2025

வணக்கம். லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் பசடீனாவில் பிஎச்டி நான்காம் ஆண்டில் இருக்கிறேன். நிலநடுக்க அலைகளை ஆராயும் குழு, பேராசிரியரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லேப் மீட்டிங். எந்த வாரம் யார் பேசுவது, எந்தக் கட்டுரையைப் படிப்பது என்ற பட்டியல் என் பொறுப்பு.

ஜனவரி 7 மாலை ஈட்டன் கேன்யனில் பிடித்த தீ, சான்டா ஆனா என்ற வறண்ட பலத்த காற்றில் அன்றிரவே பக்கத்து ஊரான ஆல்டடீனாவுக்குள் இறங்கிவிட்டது. 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போய்விட்டன. எங்கள் போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்துவிட்டுக் குழுவில் ஆராய்ச்சி செய்பவர்) ஒருவர் ஆல்டடீனாவில் லேக் அவென்யூவுக்கு மேற்கே, ஒரு வீட்டின் பின்கட்டில் மனைவி, கைக்குழந்தையோடு வாடகைக்கு இருந்தார். அந்தப் பக்கத்துக்கு வெளியேறும் உத்தரவு விடியற்காலையில்தான் வந்தது. அதற்கு முன்பே புகையைப் பார்த்துக் கிளம்பியதால் மூவரும் பிழைத்தார்கள். வீடு இல்லை. இன்னொரு மாணவியின் வீடு நிற்கிறது, ஆனால் மெத்தை முதல் அலமாரி வரை சாம்பல். தோழி வீட்டுச் சோபாவில் தூங்குகிறாள்.

வரும் திங்கள் முதல் வழக்கம்போல் மீட்டிங் என்று பேராசிரியர் சொல்கிறார். நல்லவர், வேலைக்குத் திரும்பினால் மனசு ஆறும் என்று நம்புகிறார். ஆனால் பட்டியலில் அடுத்த பெயரே அந்தப் போஸ்ட்டாக்குடையது. எடுத்துவிட்டால் ஒதுக்குகிறோம் என்று நினைப்பாரோ? விட்டுவைத்தால் அது கொடுமை இல்லையா? அப்புறம், ஆளாளுக்கு அவரிடம் “என்ன வேணும்” என்று கேட்கிறோம். எல்லோருக்கும் “ஒன்றும் வேண்டாம், நன்றி” என்கிறார். எங்களால் பணமும் நேரமும் தர முடியும். எப்படி ஒழுங்குபடுத்துவது?

சிக்கோ பழைய மாணவன்

2018 நவம்பர் 8 அன்று வட கலிஃபோர்னியாவில் ‘கேம்ப்’ என்ற காட்டுத்தீ பாரடைஸ் ஊரை எரித்தபோது, பக்கத்திலுள்ள சிக்கோவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். 85 பேர் இறந்தார்கள். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடியும் வரை பல்கலைக்கழகம் மூடியிருந்தது. திறந்தபோது எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு வீடு இல்லை.

முதலில் ஒன்று சொல்கிறேன்: நிவாரணப் பேச்சை மீட்டிங்குக்குள் கொண்டுவராதீர்கள். எங்கள் குழுவில் நல்லெண்ணத்தோடு ஒவ்வொரு கூட்டத்தையும் “இந்த வாரம் யாருக்கு என்ன உதவி” என்றுதான் தொடங்கினார்கள். வீடிழந்த பெண் நடுவில் உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்து நன்றி சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் அவள் வருவதையே நிறுத்திவிட்டாள். உதவிக்கு, பாதிக்கப்பட்டவர்கள் இல்லாத ஒரு தனி வாட்ஸ்அப் குழு போதும். அவர்களோடு பேசுவதற்கு ஒரே ஒருவர். மற்ற எல்லோரும் அந்த ஒருவரிடம்தான் கேட்க வேண்டும்.

“என்ன வேணும்” என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள். எரிந்துபோன ஒவ்வொரு பொருளையும் நினைவுபடுத்திப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிற மனிதரிடம் இன்னொரு பட்டியல் கேட்கிறீர்கள். “செவ்வாய் இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன், காரம் குறைவாகவா?” என்று கேளுங்கள். அதற்கு “சரி” என்று சொல்வது சுலபம்.

பட்டியலில் அவர் பெயரை மட்டும் எடுக்க வேண்டாம். பழையதை மொத்தமாகக் கலைத்துவிடுங்கள். பிப்ரவரி முழுவதும் விரும்பிக் கை தூக்குபவர்கள் மட்டும் பேசட்டும், இது எல்லோருக்கும் ஒரே விதி. நேரத்தையும் காலையிலிருந்து மாற்றுங்கள். காப்பீட்டு ஆட்களையும் அரசு அலுவலகங்களையும் காலையில் பிடித்தால்தான் உண்டு. ஜூம் இணைப்பு திறந்தே இருக்கட்டும், கேமரா வேண்டாம், வராதவருக்கு ஒரு பக்கக் குறிப்பு போகட்டும்.

பணத்தை ஒரே தடவையாகக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஊரே உதவும். மார்ச் மாதம் யாரும் கூப்பிட மாட்டார்கள், வாடகை முன்பணமும் கட்டில் மெத்தையும் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

ஆர்கேடியா அம்மா

தம்பி சொன்னது சரி. நான் காகித வேலை பற்றிச் சொல்கிறேன், கண்ணு.

அந்தப் போஸ்ட்டாக் ஜே-1 (ஆய்வாளர் பரிமாற்றம்) அல்லது எச்-1பி (வேலை) விசாவில் இருந்தால் ஃபீமாவின் (அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பு) பண உதவி அவர் பெயரில் கிடைக்காது. எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் குழந்தை அமெரிக்காவில் பிறந்திருந்தால் குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் நிறையப் பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மார்ச் 10 வரை நேரம் இருக்கிறது. பசடீனா சிட்டி காலேஜின் ஃபுட்ஹில் சாலைக் கட்டடத்தில் பேரிடர் உதவி மையம் திறந்திருக்கிறார்கள், நேரில் போய்க் கேட்பது நல்லது.

வாடகைதாரர் காப்பீடு எடுத்திருந்தாரா என்று பாருங்கள். இருந்தால் பொருட்களுக்கு மட்டுமல்ல, வேறிடத்தில் தங்கும் செலவுக்கும் பெரும்பாலும் பணம் உண்டு. புகை படிந்த வீட்டு மாணவியும் கேட்கலாம். எதையும் தூக்கி எறிவதற்கு முன் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) இணையத்திலேயே கிடைக்கும், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் குடிவரவுப் படிவங்களை மறுபடி தரும். பாஸ்போர்ட் எரிந்திருந்தால் அதை முதலில் தொடங்குங்கள், அதுதான் இழுக்கும்.

துணி சேர்க்க வேண்டாம். சான்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானத்தில் நன்கொடையாக வந்த துணி குவிந்து கிடந்ததை நானே பார்த்தேன். கடை அட்டையோ பணமோ கொடுங்கள்.

அந்த மாணவியின் வீட்டைச் சுத்தம் செய்யக் கூட்டமாகக் கிளம்பினால் என்-95 முகக்கவசம், கையுறை கட்டாயம். பழைய வீடுகள் எரிந்த சாம்பலில் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும். பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். இலை ஊதும் எந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகம் தடையே போட்டிருக்கிறது.

பாலிசேட்ஸ்காரி

எங்கள் வாடகை வீடும் அதே 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸின் மேற்கே பாலிசேட்ஸ் தீயில் போனது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். என்னிடம் யாரும் வேலையே தரவில்லை. “நீ ஓய்வெடு” என்றார்கள். மோட்டல் அறையில் எதைப் பார்த்துக்கொண்டு ஓய்வெடுப்பது? கடைசியில் ஒரு சீனியர், “இந்த மூன்று வரைபடத்தின் எக்ஸ், ஒய் அச்சுப் பெயர்களைச் சரிபார்த்துத் தருகிறாயா, அவசரமில்லை” என்று அனுப்பினார். அந்த மாலை நன்றாகப் போனது. உங்கள் போஸ்ட்டாக்கையும் கேட்டுப் பாருங்கள். பேசச் சொல்ல வேண்டாம், ஆனால் வேலையை முழுக்கப் பிடுங்கிவிடாதீர்கள்.

பசடீனா மாணவி

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் பேராசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். மீட்டிங் புதன் மதியம் மூன்று மணிக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது. பிப்ரவரிப் பட்டியலைக் கலைத்தாயிற்று. முதல் வாரம் நானே பேசுகிறேன். என் தரவில் சந்தேகமான அலைவடிவங்கள் சில இருக்கின்றன. அவற்றைப் போஸ்ட்டாக்குக்கு அனுப்பி, முடிந்தபோது பார்க்கச் சொன்னேன். அரை மணியில், “இது கருவிக் கோளாறு போலிருக்கிறது, மூல ஃபைலை அனுப்பு” என்று பதில் வந்தது.

பணத்தை மே வரை மாதாமாதம் கொடுப்பதாக முடிவு. அந்த மாணவியின் வீட்டுக்கு, இந்த வார இறுதி மழை விட்ட பிறகு, முகக்கவசத்தோடு நான்கு பேர் மட்டும் போகிறோம்.

ஆர்கேடியா அம்மா, குழந்தை பிறந்தது பசடீனாவில்தான். நாளை காலை மையத்துக்கு அவர்களை என் காரில் அழைத்துப் போகிறேன். என்னென்ன காகிதம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இன்றிரவுக்குள் சொல்ல முடியுமா?