கலைச்சொல் வேண்டும்: வேறு வேலைக்கு எழுதிய ஏட்டில் கிடைக்கும் குடும்ப விவரம்

சுங்கை சிப்புட், தொகுப்பாளர்:

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் தங்கள் கொடிவழியை, அதாவது வம்ச வரிசையை, தேடிப் பிடிக்க உதவும் கையேடு ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. (மரபியல் என்ற சொல் உயிரியலுக்குப் போய்விட்டதால் கொடிவழி என்பதை முன்பே ஏற்றுக்கொண்டோம். அதை மறுபடி கிளற வேண்டாம்.)

பிறப்பு, கல்யாணம், இறப்பு இவற்றைப் பதியவென்றே எழுதிய ஏட்டை நேர்ப்பதிவு என்கிறோம். அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. அந்த ஏடு கிடைக்காதபோது, வேறொரு காரியத்துக்கு எழுதிய ஏட்டில் அதே விவரத்தைத் தேடுகிறோமே, அந்த ஏட்டுக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் சப்ஸ்டிடியூட் ரெக்கார்ட் என்கிறார்கள். நம் கையேட்டில் பாதிக்கு மேல் இந்த வகை ஏடுகள்தான் வரப்போகின்றன.

காரணம் இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். திருமண, மணவிலக்குச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டாலும் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு கோயிலிலோ லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பந்தல் போட்டோ நடந்த இந்துத் திருமணத்தைப் பதிந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செல்லுபடியான பழைய திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்படும் என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டதால், பிறகு போய்ப் பதியவேண்டிய தேவையும் எழவில்லை. ஆக, தாத்தா பாட்டி கல்யாணத்தை ஜேபிஎன்னில் (தேசியப் பதிவுத் துறையில்) தேடினால் பெரும்பாலும் வெறுங்கைதான். கப்பல் பக்கமும் அப்படியே. தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் 1860 முதல் 1911 வரை பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா எல்லாம் இருக்கின்றன. மலாயாவுக்கும் அதுபோல ஒன்று இருக்கும் என்று நம்பி ஆராய்ச்சியைத் தொடங்குகிறவர்கள் ஆறு மாதத்தில் சோர்ந்துபோகிறார்கள்.

என் பரிந்துரை: மாற்றுப் பதிவு. கருத்துச் சொல்லுங்கள்.

தைப்பிங்:

வணக்கம் அண்ணன். மாற்றுப் பதிவு வேண்டாம். தொலைந்த ஐசிக்கு (அடையாள அட்டைக்கு) மாற்று ஐசி எடுக்கிறோம், பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழ் வாங்குகிறோம். இரண்டிலுமே ‘அதற்குப் பதிலாக இது செல்லும்’ என்ற உறுதி இருக்கிறது. மொய் நோட்டு எந்தக் கவுண்டரிலும் திருமணப் பத்திரத்துக்குப் பதிலாகச் செல்லாது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோடு அலைகிற குடும்பங்கள் இந்தக் கையேட்டைப் படிக்கும். ‘மாற்று’ என்ற சொல்லை நம்பி ஒரு கட்டுக் காகிதத்தோடு போய் நிற்பார்கள். அந்தப் பாரத்தை ஒரு கலைச்சொல் அவர்கள்மேல் ஏற்றக்கூடாது. பதிலிப் பதிவு என்றாலும் இதே சிக்கல்தான். சார்பதிவு என்றால் தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகம் நினைவுக்கு வரும். துணைப்பதிவு என்றால் முதற்பதிவு ஒன்று எங்கோ இருப்பதாகப் பொருள்படும்.

சொல்லுக்குள் வரவேண்டியது ஒன்றுதான்: இந்த ஏடு வேறு எதற்காகவோ எழுதப்பட்டது. எதற்காக எழுதினார்கள் என்று தெரிந்தால்தான் எந்தக் கட்டத்தை நம்பலாம் என்று தெரியும். செக்ரோலையே எடுத்துக்கொள்வோம். காலையில் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்கள் அணிவகுக்கும்போது) பேர் எடுத்ததைக் கிராணி (தோட்ட எழுத்தர்) ஆபீசில் உட்கார்ந்து ஏற்றுகிற ஏடு. பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு தொகுதித் தாள். இடப்பக்கம் ஆள் எண்ணும் பெயரும். குறுக்கே 1 முதல் 31 வரை கட்டங்கள். வலக்கோடியில் மொத்த நாள், கூலி, முன்பணம், அரிசிக் கழிவு. கூலி கணக்கிடுவதற்கான ஏடு என்பதால் நாள் கணக்கில் கவனமாக இருந்திருப்பார்கள். இன்ன மாதம் இன்ன தோட்டத்தில் இவர் இருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல ஏடு கிடைக்காது. வயதும் தகப்பன் பெயரும் கூலிக்குத் தேவையில்லை. அவை இருந்தாலும் கேட்டு எழுதியவை, இல்லாமலும் போகலாம்.

பார்க்கத் தெரிந்தால் கட்டங்களே பேசும். ஒரு பெண்ணின் வரி ஒரு மாதம் முழுக்க வெறுமையாக இருந்து, கடைசிக் கட்டத்தில் பேறுகாலப் படி என்று குறித்திருந்தால், பிள்ளை பிறந்தது அந்த வாக்கில்தான். பெயர் வரிசையையும் பாருங்கள். கங்காணிக்கு (ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்து மேற்பார்வை பார்ப்பவருக்கு) தலைக்காசு, அதாவது அவர் கொண்டுவந்த ஆள் வேலைக்கு வந்த நாளுக்கு இவ்வளவு என்ற கணக்கு இருந்த காலத்தில், ஆட்களைக் கங்காணி வாரியாகவே எழுதினார்கள். கங்காணி தன் சொந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும்தான் ஆள் சேர்த்தார். ஆகவே உங்கள் பாட்டனாருக்கு மேலும் கீழும் உள்ள பத்துப் பெயர்களையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தில் மறந்துபோன ஊர்ப் பெயர் அந்தப் பத்தில் ஒருவருடைய பேரப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். 1938இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தை நிறுத்திய பிறகு வந்த ஏடுகளில் இந்த வரிசையை அவ்வளவாக நம்பமுடியாது.

தவறு நடக்கும் இடம் ஆள் எண். ஒருவர் தோட்டத்தை விட்டுப் போனால் அவர் எண்ணை அடுத்து வந்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் பின்னால் போனால் வேறொருவர் பாட்டனாரிடம் போய் நிற்போம். எண், பெயர், கங்காணி மூன்றும் பொருந்தவேண்டும்.

சுங்கை சிப்புட், தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

ஐயா சொன்ன காரணத்தை ஏற்கிறேன். என் பரிந்துரை ஊடுபதிவு. இளம் ரப்பர்க் கன்றுகளின் நிரைகளுக்கு நடுவே வேறு பயிர் வைத்தால் ஊடுபயிர் என்கிறோம். நிலத்தைத் திருத்தியது ரப்பருக்கு. நடுவில் விளைந்ததும் பலன்தான். கூலிக்கென்று எழுதிய ஏட்டின் நடுவே குடும்ப விவரம் விளைந்திருப்பதும் அப்படியே.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வரிசை எண், மாணவர் பெயர், தகப்பனார் அல்லது பாதுகாவலர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, முன்பு படித்த பள்ளி, விலகிய தேதி, விலகிய காரணம் என்று நிரல்கள் போகும். எல்லாரும் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதைவிடப் பயன் தருபவை கடைசி நிரல்கள். முன்பு படித்த பள்ளியின் பெயரைப் பிடித்துப் பின்னால் போனால் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தெரியும். விலகிய காரணத்தில் இருந்து முன்னால் போகலாம். ஐம்பதுகளின் பின்பாதியிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடலில் (பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றதில்) குடும்பங்கள் சிதறியதை இந்த நிரலில் பார்க்கலாம். ஒரே மாதத்தில் பல பிள்ளைகள் விலகியிருந்தால் அந்தத் தோட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள்.

பிறந்த தேதி வரிசையாக ஜனவரி 1 என்று இருந்தால் அது சேர்க்கை வயதுக்காகப் போட்ட மதிப்பீடு. அதைக் கொடிவழியில் தேதியாக ஏற்றாதீர்கள், ஆண்டோடு ‘சுமார்’ என்று மட்டும் எழுதுங்கள். பாதுகாவலர் நிரலில் தாய்மாமன் பெயரோ சித்தப்பா பெயரோ இருக்கும். அதைத் தகப்பன் பெயராக எடுத்துக்கொண்டால் ஒரு தலைமுறையே தடம் மாறிவிடும்.

பள்ளி மூடப்பட்டிருந்தால் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். பதிவேடும் பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கும். அங்கும் இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். தலைமையாசிரியருக்கு முறையாகக் கடிதம் எழுதி, தேடும் பெயரையும் உத்தேச ஆண்டையும் குறிப்பிடுங்கள். முழுப் பக்கத்தையும் படம் எடுக்கக் கேட்காதீர்கள். அதே பக்கத்தில் உயிரோடிருக்கிற மற்றவர்களின் விவரமும் இருக்கிறது.

கிள்ளான்:

> என் பரிந்துரை ஊடுபதிவு.

சொல் நன்றாக இருக்கிறது அக்கா. இரண்டு கேள்விகள். ஊடகம் என்ற சொல் பழகிப்போனதால், ஊடுபதிவு என்றதும் தொலைக்காட்சி ஒளிப்பதிவு என்று நினைப்பார்களா? இது சின்னக் கேள்வி.

பெரிய கேள்வி வேறு. நேர், ஊடு என்ற பிரிவு ஏட்டுக்கா, ஏட்டுக்குள் இருக்கிற செய்திக்கா? இறப்புப் பத்திரத்தை நேர்ப்பதிவு என்கிறோம். இறந்த நாளுக்கும் இடத்துக்கும் அது நேர்ப்பதிவுதான். அதே தாளில் உள்ள வயது, இறந்தவருக்குத் தெரிந்ததல்ல. தகவல் கொடுத்தவருக்குத் தோன்றியது. தோட்டத்து டிரசரோ (மருத்துவ உதவியாளரோ) பக்கத்து லயத்துக்காரரோ தகவல் கொடுத்திருந்தால் 60, 65, 70 என்று முழு எண்ணாக விழும். 1948 ஜூன் 16 அன்று உங்கள் சுங்கை சிப்புட்டில் துரைமார் மூவர் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்த பிறகு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஐசி கொடுத்தார்கள். பாதுகாப்புக்காக எடுத்த ஐசி அது. அதில் பிறந்த ஆண்டு வாய்மொழியாகச் சொன்னதாகவே இருக்கலாம். பிற்பாடு பல தாள்கள் அந்த ஐசியைப் பார்த்து நிரப்பப்பட்டவை. மூன்று தாளில் ஒரே தேதி இருக்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்திருக்கலாம்.

கல்லறைக் கல்லும் அப்படித்தான். இறந்த நாளுக்கு நம்பலாம், ஆனால் வாசிக்கத் தெரியவேண்டும். ‘தாது வருஷம் தை மாதம்’ என்று இருந்தால் உடனே 1936 என்று எழுதிவிடுகிறார்கள். தாது 1936 ஏப்ரலில் பிறந்து 1937 ஏப்ரலில் முடிந்தது. தை என்றால் 1937 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். சித்திரை முதல் மார்கழி நடுப்பகுதி வரைதான் ஆண்டு ஒன்று, அதற்குப் பிறகு ஒன்று கூட்டவேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பும் என்பதால் கல்லின் வகை, தோட்டம் திறந்த காலம் இரண்டையும் வைத்துச் சுற்றை முடிவு செய்யுங்கள். தமிழ் எண்களில் வெட்டியிருந்தால் ௧, ௨, ௭, ௮ நான்கும் க, உ, எ, அ போலவே தெரியும். ௧௯௩௭ என்பதைப் பெயரின் தலைப்பெழுத்தாக வாசித்துவிடக்கூடாது.

கல்லைச் சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள், கம்பித் தூரிகை, அமிலம் எதுவும் வேண்டாம். சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்து ஒரே தேய்ப்பில் போய்விடும். தண்ணீர் தெளித்து, மெல்லிய தூரிகையால் பாசியைத் தட்டிவிட்டு, காலை ஏழரை எட்டு மணி சாய்வெயிலில் படம் எடுங்கள். வெயில் இல்லையென்றால் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் படுக்கவைத்துப் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும்.

தைப்பிங்:

சின்னக் கேள்விக்குப் பதில்: ஊடுகதிர், ஊடுபயிர், ஊடுருவல் எல்லாம் ஊடகத்தோடு குழம்பாமல்தான் வழங்குகின்றன. ஊடுபதிவும் வழங்கும். பெரிய கேள்வி சரியானது, அதற்கு இன்னொரு சொல் வேண்டும். ஏட்டுக்கு ஊடுபதிவு, செய்திக்கு ஊடுதகவல் என்று வைத்துக்கொள்ளலாம். இறப்புப் பத்திரம் நேர்ப்பதிவு. அதிலுள்ள வயது ஊடுதகவல்.

இன்னொன்று. மாதா கோயில் ஞானஸ்நான ஏட்டை எங்கே வைப்பது? 1882இல் தமிழ்க் கத்தோலிக்கர் குடியமர்ந்த பாகான் செராய் போன்ற பங்குகளில் அது பிறந்த நாளையும் பெற்றோர் பெயரையும் சேர்த்தே தருகிறது. சடங்குக்கு நேர்ப்பதிவு, பிறப்புக்கு ஊடுதகவல் என்பது என் எண்ணம். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களை விட்டுவிடாதீர்கள். உறவுக்காரரையோ அதே ஊர்க்காரரையோ நிற்கவைப்பதுதான் வழக்கம்.

சுங்கை சிப்புட், தொகுப்பாளர்:

ஊடுபதிவு என்றே வைத்துக்கொள்வோம். வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

ஊடுபதிவு: பிறப்பு, திருமணம், இறப்பு, உறவு ஆகியவற்றைப் பதியும் நோக்கமின்றி வேறு பயனுக்காக எழுதப்பட்டு, அவ்விவரங்களைத் தன்னுள் கொண்டிருக்கும் ஏடு, தாள் அல்லது கல். எ-டு: செக்ரோல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீதுக் கட்டு, தொழிற்சங்கச் சந்தா அட்டை, 1951க்குப் பிந்திய சேமநிதித் தாள்கள், 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாள், 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் இரங்கல் அறிவிப்பு. சட்டச் சான்றாகச் செல்லும் என்று இச்சொல்லுக்குப் பொருளில்லை.

ஊடுதகவல்: எந்த ஏட்டிலும், அந்த ஏட்டின் நோக்கத்துக்கு வெளியே நிற்கும் விவரம்.

கல்லறைக் கல்லை எடுத்துக்காட்டில் சேர்க்கவில்லை. இறந்த நாளுக்கு அது நேர்ப்பதிவு என்ற கிள்ளான் அன்பரின் கருத்து சரி. கல் என்ற சொல்லை வரையறையில் விட்டிருப்பது கோயில் உபயக் கல்வெட்டுகளுக்காக. ஞானஸ்நான ஏடு பற்றித் தைப்பிங் அன்பர் சொன்ன கருத்தையும் அப்படியே ஏற்கிறேன்.

குடும்பப் படிவத்தில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் மூன்று சிறு கட்டங்கள் சேர்க்கிறேன்: எந்த ஏடு, எதற்காக எழுதியது, விவரத்தைச் சொன்னவர் யார். மூன்றாவது கட்டம் தெரியாவிட்டால் வெறுமையாகவே இருக்கட்டும், ஊகித்து நிரப்பவேண்டாம். பெயரை ஏட்டில் உள்ளபடியே ஒரு வரியிலும், வீட்டில் அழைத்தபடி அடுத்த வரியிலும் எழுதவேண்டும். கிராணி கையெழுத்தில் ஒரே அம்மா லெட்சுமி, லெச்சுமி, லட்சுமி என்று மூன்று விதமாக வருவார். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டேன். வெளிநாட்டு மென்பொருளில் அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயரைப் போட்டால், தாத்தா, மகன், பேரன் மூவரும் மூன்று குடும்பமாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

அடுத்து முடிக்கவேண்டிய சொல்: தோட்டத்தின் கம்பெனிப் பெயரும், ஆட்கள் வழங்கிய தமிழ்ப் பெயரும் வேறு வேறாக இருக்கும்போது, இரண்டையும் பொருத்திக் காட்டுகிற பட்டியல். பெயர்ப்பொருத்தம் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். ஜாதகக்காரர்களிடமிருந்து அந்தச் சொல்லை மீட்பது சிரமம் என்பது என் கருத்து. வேறு சொல் இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.