புதுச்சேரித் திண்ணை வீடுகள்: ஒன்று போனது, ஒன்று நின்றது

புதுச்சேரியில் பழைய கட்டடம் என்றாலே பலருக்குக் கடற்கரைப் பக்கத்து மஞ்சள் வீடுகள்தான் ஞாபகம் வரும். நான் எழுதப்போவது பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் பகுதி வீடுகளைப் பற்றி. நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். தெருவில் போகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க மரத்தூண் வைத்த தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை, கதவைத் தாண்டினால் முற்றம். சில வீடுகளில் மாடி மட்டும் பிரெஞ்சுப் பாணியில், வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவருமாக இருக்கும். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. நம் ஊரின் அடையாளமே இந்தக் கலப்புதான். அதிகம் இடிபடுவதும் இந்த வீடுகள்தான்.

எங்கள் தெரு முனையில் அப்படி ஒரு மாடி வீடு இருந்தது. ஐந்து வாரிசுகள், ஆளுக்கொரு ஊர். ஒரு பில்டர் ஜாயிண்ட் வென்ச்சர் பேசி, அதாவது இடம் உங்களுடையது, கட்டுவது நான், வருவதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். கட்டடம் பலவீனமாக இருக்கிறது, குடியிருக்கத் தகுதியில்லை என்று ஒரு பொறியாளர் சான்றிதழும் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜேசிபி வந்தது. சனி, ஞாயிறு எந்த அலுவலகத்திலும் புகாரை வாங்க ஆள் இருக்காது என்று தெரிந்து வைத்த நாள் அது. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் போய் நின்றோம். "சார், எங்ககிட்ட பேப்பர் இருக்கு" என்று ஒரு ஃபைலைக் காட்டினார்கள். அவ்வளவுதான். அப்புறம் நடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பின்பக்கச் சுவரை ஜேசிபி இடிக்க இடிக்க அது அசையவில்லை. டிரைவரே இறங்கி வந்து, "என்னா சார் இது, பாறை மாதிரி நிக்குது" என்றார். பலவீனம் என்று எழுதிக் கொடுத்த சுவர் அது!

இடிக்கிறவர்கள் தேக்குத் தூண், கதவு, நிலை, உத்திரம் எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு எடுத்துப் போனார்கள். இதை வெளியூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். வீட்டை இடித்தால் வீட்டுக்காரருக்குக் காசு வருகிறது, பழுது பார்த்தால் கைக்காசு போகிறது. இதை மாற்றாமல் பாரம்பரியம், பெருமை என்று மேடையில் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த வீடு போன பிறகுதான் நாங்கள் சிலர் சேர்ந்து, மற்ற வீடுகளில் பேச்சு தொடங்கும்போதே போய் உட்காருவது என்று முடிவு செய்தோம். ஜேசிபி வந்த பிறகு போனால் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

அடுத்தது ஒரு அம்மா வீடு. தனியாக இருந்தார். ஒரு மகன் பிரான்சில், ஒரு மகள் சென்னையில். மகள் விற்றுவிடலாம் என்றார், மகன் பதிலே சொல்லவில்லை. அம்மாவுக்கு விற்க மனசில்லை. ஆனால் என்னிடம் அவர் சொன்னது இது: "தம்பி, வீடு அழகா இருக்குன்னு நீங்க எல்லாரும் போட்டோ எடுக்கிறீங்க. மழை பெஞ்சா ராத்திரி எழுந்து பக்கெட் வைக்கிறது நான்தானே?" நியாயமான கேள்வி. அதனால் முதலில் கூரையைப் பார்த்தோம்.

மெட்ராஸ் டெரஸ் கூரை. மரக்கட்டைகளுக்கு மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு இறுக்கி, மேலே தட்டோடு பதித்தது. எல்லோரும் மொத்தக் கூரையையும் பிரித்துக் கான்கிரீட் போடச் சொன்னார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு வயசான மேஸ்திரியைக் கூட்டிவந்தோம். அவர் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கட்டை கட்டையாகத் தட்டிக் கேட்டார். மழைத்தண்ணீர் வெளியேறும் குழாயில் மண் அடைத்து, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. அங்கே தேங்கிய தண்ணீரில், சுவருக்குள் செருகியிருந்த கட்டை முனைகள் சில மட்டும் உளுத்திருந்தன. மற்றதெல்லாம் கணீரென்று இருந்தது. சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்ததற்கும் அவர் காரணம் சொன்னார். எப்போதோ யாரோ சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்பைப் பூசினார். செலவு ஆனது, உண்மைதான். ஆனால் கான்கிரீட்டுக்குச் சொன்ன தொகையில் பாதிகூட வரவில்லை.

மகளுக்கு வைசியாள் தெருவைக் காட்டினேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் முயற்சியோடு அந்தத் தெருவின் முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. ஒரு வீட்டைத் தனியாகக் காப்பாற்றுவதைவிட ஒரு தெருவாகக் காப்பாற்றுவது எவ்வளவு தெம்பு என்பது அங்கே நடந்து பார்த்தால் புரியும். அதன்பிறகு அவரே தம்பிக்கு போன் போட்டுப் பேசினார். மகன் தன் பங்குக்குப் பணம் அனுப்பினார். மாடி இப்போது வாடகைக்குப் போகிறது, பராமரிப்புக்கு அந்த வாடகை போதும். அம்மா கீழேதான் இருக்கிறார்.

பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. தார் ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. எங்கள் தாத்தா காலத்தில் ஏறி உட்கார வேண்டிய திண்ணை இப்போது முழங்கால் உயரம்தான். பெருமழையில் தண்ணீர் வாசல் தாண்டி வருகிறது. இதற்கும் சேர்த்து மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அரசுக் கட்டடம் என்றால் பத்திரமாக இருக்கும் என்று யாராவது நினைத்தால், மேரி கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றம், கடற்கரையிலேயே, எல்லோர் கண்முன்னும் நின்றது. விரிசலும் ஒழுக்கும் எல்லோருக்கும் தெரியும். 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. சுமார் 15 கோடி ரூபாயில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் பழைய செங்கல்லும் பழைய மரமும் போனது போனதுதான். அந்தக் கூரையைக் காலத்தில் பார்த்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு கணக்குப் போடுகிறது.

இப்போது எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு ஓடுகிறது. அண்ணன் தம்பி இருவருமே கேட்கும் மனநிலையில் இருக்கிறார்கள். கூரைதான் மறுபடியும் சிக்கல். முன்பு வந்த மேஸ்திரிக்கு இப்போது ஏணி ஏற முடியவில்லை, அவர் பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் வேலை தெரிந்த ஆட்களை வைத்து யாராவது சமீபத்தில் வேலை செய்திருந்தால் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.