மழைக்கு முன் ரூஃப் கான்கிரீட்டை முடிக்க என்ன வழி?

கேள்வி:
வணக்கம். செங்கல்பட்டு அருகே தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட குடியிருப்புக் கட்டடத்தில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். மாடிக்கு 25 நாள் என்று அட்டவணை போட்டிருந்தும், முதல் மாடி ரூஃப் முடியும்போதே 32 நாள் பின்தங்கிவிட்டோம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மீதியை முடிக்க, கூடுதல் ஆட்களை இறக்குமாறு உரிமையாளர் சொல்கிறார். மேஸ்திரியோ, கான்கிரீட்டைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளை ஏழாம் நாளே பிரித்து மேலே ஏற்றிவிடலாம் என்கிறார். ரூஃப் ஸ்லாப் ஒரு தாங்கலிலிருந்து அடுத்த தாங்கல் வரை 5 மீட்டர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் 1:
மேஸ்திரி சொல்வதை ஏற்காதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி, சாதாரண போர்ட்லண்ட் சிமென்டில் 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்குத்தான் முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம். அதற்கு மேல் போனால் 14 நாள். பி.பி.சி. சிமென்ட் (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்தது) என்றால் தொடக்கத்தில் வலிமை மெதுவாகவே ஏறும் என்பதால் இன்னும் பொறுக்க வேண்டும். முட்டுகளை உடனே மீண்டும் அதே இடத்தில் நிறுத்துவதாக இருந்தால், அடிப்பலகையை மட்டும் 3 நாளில் கழற்ற விதி இடம் தருகிறது. ஆகவே இன்னொரு செட் முட்டுகளை வாடகைக்கு எடுங்கள்.

பதில் 2:
முட்டு பற்றி மேலே சொன்னது சரி; ஆனால் 32 நாளும் முட்டுக்காக மட்டுமே போயிருக்காது. சைட் டைரியை எடுத்து, வேலை நின்ற ஒவ்வொரு நாளும் எதற்காக நின்றது என்று எழுதிப் பாருங்கள். கம்பி கட்டும் நாளில் பாத்ரூம் சங்கன் ஸ்லாப் (குழாய்களுக்காகத் தாழ்த்திப் போடும் தளம்) எங்கே வருமென்பது முடிவாகவில்லை என்றால், இருபது பேரை இறக்கினாலும் இருபது பேரும் டீ குடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். சிட்னி ஓபரா ஹவுஸில் கூரையின் வடிவமைப்பு முடியாத நிலையிலேயே 1959-இல் அடித்தள வேலையைத் தொடங்கியதால், எழுப்பிய தூண்களை உடைத்துவிட்டு வலுவாகத் திரும்பக் கட்ட நேர்ந்தது; 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மதிப்பீடு 1973-இல் திறக்கும்போது 10.2 கோடியாகியிருந்தது.

கேட்டவர்:
டைரியைப் பார்த்தேன். 32-இல் 19 நாள் டிராயிங்குக்காகக் காத்திருந்தவை. படிக்கட்டு மட்டுமே இருமுறை மாறியிருக்கிறது. மழையால் நின்றது 4 நாள்தான். மூன்றாம் மாடி வரையான டிராயிங்குகளில் உரிமையாளரின் கையெழுத்தை வாங்கிய பிறகே அடுத்த லோடு கம்பிக்கு ஆர்டர் கொடுப்பதென்று பேசி முடித்திருக்கிறோம். முட்டும் இன்னொரு செட் வருகிறது.

பதில் 2:
எலெக்ட்ரிகல் டிராயிங்கிலும் அப்படியே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ரூஃப் போட்ட பிறகு ஃபேன் பாக்ஸ் (ஃபேன் மாட்டக் கான்கிரீட்டில் பதிக்கும் பெட்டி) இடம் மாறினால், உளியோடு நிற்கப்போவது உங்கள் ஆட்கள்தான்.