ஊர்ப் பட்டாளத்துக்காரர்களுக்கு நினைவுக்கல்: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914-18 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனதையும், 14 பேர் திரும்பாததையும் அது சொல்கிறது. சிறுவயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், யார் அந்த 14 பேர்?

வேலூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்தில் வைக்கப்போகும் கல்லில் எண்ணிக்கை போதாது, பெயர்கள் வேண்டும். 1965, 1971 போர்களுக்குப் போனவர்கள் விவரம் பென்ஷன் புத்தகங்களில் கிடைத்துவிட்டது. சிக்கல் பழையவர்களிடம்தான். ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் மெடல் மட்டும் இருக்கிறது. விளிம்பில் பொடி எழுத்தில் நம்பர், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கிறார்கள், பாதி தேய்ந்துவிட்டது. இதை வைத்து ஆவணம் தேடிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இறந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். திரும்பி வந்தவர்களை எங்கே தேடுவது?

அப்புறம், கருங்கல்லில் தமிழ் எழுத்தை ஆழமாக வெட்டித் தரும் சிற்பி தெரிந்தால் சொல்லுங்கள். பெயின்ட் வேலை வேண்டாம், இரண்டு மழைக்குத் தாங்காது. பணம் ஊரிலேயே திரட்டிக்கொள்கிறோம்.

இன்னொன்று: போரில் இறந்தவர்களையும், ஓய்வுபெற்று ஊரில் காலமானவர்களையும் ஒரே பட்டியலில் போடலாமா? இதற்கே இரண்டு கூட்டம் போட்டுவிட்டோம், முடிவு வரவில்லை. உங்கள் ஊரில் எப்படிச் செய்தீர்கள்?