மெய்ப்புப் பார்க்க இரண்டு திரைகள்: என் அனுபவம்

வீட்டிலிருந்தே தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். மூலப் பிரதியையும் அச்சுக்குக் கோத்த பக்கத்தையும் ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்த்ததில் வரிகள் விடுபட்டன; ஆகவே, இருந்த 24 அங்குல மானிட்டருக்குத் துணையாக அதே அளவில் இன்னொன்று வாங்கினேன்.

மாட்டியதும் ‘நோ சிக்னல்’ என்று காட்டிவிட்டுத் திரை இருண்டது. கேபிளை மாற்றினேன், மானிட்டரைக் கடைக்கே தூக்கிச் சென்றேன், அங்கே அது குறையின்றி ஓடியது. கோளாறு, கேபிளைச் செருகிய இடத்தில் இருந்தது. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் இருந்த ஒரே எச்டிஎம்ஐ போர்ட்டைப் பழைய மானிட்டர் பிடித்துக்கொண்டதால், புதியதை மதர்போர்டின் (கணினியின் முதன்மைப் பலகை) எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகியிருந்தேன். அந்தப் போர்ட்டுக்குப் படம் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலிருந்துதான் வர வேண்டும். என்னுடையதோ ஐ5-12400எஃப், இன்டெல் ப்ராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் அந்தப் பகுதியே கிடையாது. கார்டில் சும்மா கிடந்த மூன்று டிஸ்ப்ளேபோர்ட்களில் ஒன்றுக்கு உரிய கேபிள் வாங்கி மாட்டியதும் படம் வந்துவிட்டது. உள் கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்டு மாட்டியதும் பல மதர்போர்டுகள் அதைத் தாமாகவே அணைத்துவிடுகின்றன.

விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். புதிய மானிட்டர் மேசையில் இடப்பக்கம் இருந்தும், மவுஸ் வலப்பக்கமாகப் போனால்தான் அதற்குள் நுழைந்தது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 2 என்ற கட்டத்தை இடப்புறம் இழுத்து வைத்தவுடன் சரியாயிற்று.

ஒரு முழுப் பக்கம் தெரியட்டும் என்று புதிய மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பியதுதான் எனக்கு மிகப் பெரிய பாடம். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாகக் கொண்டே விண்டோஸின் கிளியர்டைப் எழுத்துகளைக் கூர்மையாக்குகிறது. திரையைத் திருப்பினால் அந்தக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகிவிடுகின்றன. விளைவாக எழுத்தின் ஓரங்களில் நிறம் கசிந்தது. சிறிய எழுத்தில் ‘ல்’ மேலிருக்கும் புள்ளி, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மங்கியது. புள்ளியை நம்பியே நடக்கும் தொழிலில் இதை ஏற்க முடியாது; பழையபடி படுக்கைவாட்டிலேயே வைத்துவிட்டேன்.

மறுமொழி:

தங்கள் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். மடிக்கணினியோடு 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்றை யுஎஸ்பி-சி ஹப் வழியாக இணைத்தேன். படம் வந்தது, ஆனால் மவுஸ் விட்டு விட்டு நகர்ந்தது, ஒரு மணி நேரத்தில் கண் எரிந்தது. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் பார்த்தபோது 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 முறைதான் படம் புதுப்பிக்கப்படுகிறது என்று இருந்தது. ஹப்பின் பெட்டியிலும் பின்புறத்தில் பொடி எழுத்தில் ‘4கே 30’ என்றே அச்சிட்டிருந்தார்கள். என் மடிக்கணினியின் யுஎஸ்பி-சி போர்ட் வீடியோவும் அனுப்பும் என்பதால், ஹப்பை விலக்கி, யுஎஸ்பி-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் ஒரே கேபிளை மாட்டினேன். அதன் பிறகு அதே இடத்தில் 60 ஹெர்ட்ஸ் காட்டுகிறது, கண்ணெரிச்சலும் இல்லை.